கார் கற்பூரம்

கோயிலில் கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன். அதற்கு முன்னால் ஒரு தரம் மூக்கை உறிஞ்சி, கூடவே பெட்ரோல் வாசனையும் வருகிறதா என்று பார்ப்பேன். வராது. வராவிட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். இந்த வயசில் சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு பெட்ரோலைத் தேடுகிற பொம்பளை திருவண்ணாமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பேர் எழுதப்போவதில்லை. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான் என்பாள். தன் பேரை நான் இப்படி ஊருக்குச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. என் பேரையும் அவள் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரருக்குக் கோபுர வாசல் பக்கம் பூஜை சாமான் கடை இருந்ததால் நான் 'கடைக்காரம்மா'. கடைக்குள் நான் போனதே தீபாவளிக்கு ஒரு தரம்தான் இருக்கும். ஆனாலும் கடைக்காரம்மா.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இதெல்லாம். அப்போது நான் எப்படிப்பட்ட கூச்சக்காரி என்றால், கல்யாணமாகி ஒரு வருஷம் வரைக்கும் என் மாமனாருக்கு என் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஊமைப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டாயா என்று தரகரைப் பிடித்து விசாரித்திருக்கிறார். அப்படிப்பட்டவள் ஒரு கார் இன்ஜினைக் கழற்றி, வேகமாக ஓடுகிற மாதிரி மாற்றிக் கட்டுவதில் கூட்டாளியாக இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் பேத்தி நம்பவில்லை. "பாட்டி, உனக்கு மிக்ஸி மூடியே கழட்டத் தெரியாதே" என்கிறாள். அதுவும் நிஜம்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே முற்றம், ஒரே கிணறு. அக்கா குடிவந்த அன்றைக்கே குடத்தின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க கெணத்துத் தண்ணி சுத்தம்தாங்க" என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் பேச்சே சண்டைப் பேச்சு.

அவள் சிரித்தாள். "தண்ணி சுத்தம்தாம்மா. நாங்க வடிகட்டுறது எங்களுக்காக இல்ல. கண்ணுக்குத் தெரியாம அதுல என்னென்னமோ இருக்குதே, அதுங்க பொழைக்கட்டும்னுதான்."

அவர்கள் ஜைனர்கள். சேத்துப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், தலைமுறை தலைமுறையாக மணிலாக்கடலையும் நெல்லும் போட்டு வந்த குடும்பம். வடிகட்டி முடித்ததும் அந்தத் துணியைப் பதனமாக எடுத்துக் கிணற்றுக்கு மேலே கவிழ்த்து அலசிவிடுவாள். எங்கேயிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேரட்டும் என்று. பாலுக்கு ஒரு துணி, எண்ணெய்க்கு ஒரு துணி. பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள், விளக்கு வெளிச்சத்தில் பூச்சி விழுவது தெரியாது என்று. நானோ ராத்திரி ஒன்பது மணிக்குப் பழைய குழம்பைச் சுடவைத்துத் தின்கிறவள்.

அவள் வடிகட்டாதது எதுவுமில்லை. பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊர் பேசுவதெல்லாம் அவள் காதுக்குள் புகுந்துதான் போகும். எந்த வீட்டில் வரன் தட்டிப்போச்சு, எந்த வக்கீல் யாரோடு குசுகுசு என்றார், எல்லாம் தெரியும். தெருப் பொம்பளைகள் வாயில் எச்சில் ஊற வந்து உட்காருவார்கள். "இன்னிக்கு இன்னா பேசினாங்க?" என்றால், "லைன்ல காத்து சத்தம்தாங்க ஜாஸ்தி, ஒண்ணும் கேக்கல" என்பாள். என் வீட்டுக்காரர் ஒருநாள் கடையிலிருந்து வெளியூருக்கு டிரங்கால் போட்டு ரொம்ப நேரம் பேசினாராம். கடைப்பையன் சொல்லிவிட்டான். அக்காவிடம் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு யாருகிட்ட பேசினாரு?" என்று கேட்டேன்.

"காத்து சத்தம்தான் கடைக்காரம்மா."

"பொம்பளக் குரலா?"

"காத்துல ஆம்பள இன்னா, பொம்பள இன்னா?"

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காற்றுக்குப் பிற்பாடு வருகிறேன்.

அவளுடைய கார் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றது. அவள் அப்பா வைத்திருந்த பழைய சின்னக் கார். கிளிப்பச்சை நிறம், தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். பெரியவர் போன பிறகு அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, வெளியூரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் வேண்டாம் என்று விட்ட கார் இவளுக்கு வந்தது. அப்பா இவளைப் படிக்கவைத்தது பத்தாவது வரைக்கும். காருக்கு அடியில் படுக்கவைத்தது அதற்கும் முன்னாலேயே. ஸ்பானர் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வாள்.

அவளுக்கு ஒரே கவலை, அம்மா. அந்த அம்மாள் கிராமத்தில் தனியாக இருந்தாள். டவுனுக்கு வரமாட்டேன், நம்ம கோயிலுக்கு யார் விளக்கு வைப்பது என்று பிடிவாதம். புருஷன் போனதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன்னால். கூட ஒரு ஆள் உட்கார்ந்தால் சாப்பிடுவாள். இல்லாவிட்டால் பொரியைத் தண்ணியில் நனைத்து விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் அக்கா, வெளியூர் வேலையிலிருந்து வரும் தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்து சாப்பிடவைத்து வருவாள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் கை மெலிந்து, அந்த ஒற்றைத் தங்க வளையல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும்.

"நடுவுல ஒரு நாளு, புதன்கெழம போனா போதும். மூணு மணிக்கு டூட்டி முடியுது. ஆனா பஸ்ஸு மாறி மாறிப் போனா இருட்டிடுது" என்பாள்.

ஒரு புதன்கிழமை காரிலேயே கிளம்பிப் போனாள். மறுநாள் காலையில் கிணற்றடியில் பார்த்தேன், முகம் செத்துக் கிடந்தது.

"அவலூர்பேட்டை தாண்டறதுக்குள்ள மூணு தடவ கொதிச்சு நின்னுது. நான் போய் எறங்கறேன், சூரியன் ஏரிக்குள்ள எறங்குறான். அம்மா தட்டு போட்டு வெச்சிக்கினு வாசல்ல உக்காந்திருந்தாங்க. என்னப் பாத்துட்டுத் தட்ட எடுத்து உள்ள வெச்சிட்டாங்க. ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கினு பட்டினியா உக்காந்திருந்தோம்."

"மெக்கானிக்க கூப்பிடலாங்களா?" என்றேன்.

"அவன் ஓடுற மாதிரி பண்ணிக் குடுப்பான். எனக்கு சூரியன முந்துற மாதிரி வேணும். நீ கொஞ்சம் கூட இருக்கியா?"

கூட இருப்பது மட்டும்தான் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். மறுநாளே இன்ஜின் வெளியே வந்தது. கடைக்கு மூட்டை இறக்கும் ஆட்கள் இரண்டு பேர், வேப்பங்கிளையில் ஒரு கயிறு, எங்கள் கிணற்று உருளை. இன்ஜின் திரும்ப உள்ளே போகும்வரை உருளை மரத்திலேயே தொங்கியது. நான் கையால் தண்ணீர் சேந்தினேன். என் தோள்பட்டை வலிக்கு இன்றைக்கும் டாக்டர் வயசு என்கிறார். எனக்குத் தெரியும், அது இன்ஜின்.

அவள் டூட்டி முடிந்து வந்ததிலிருந்து பொழுது சாய அரை மணி இருக்கும்வரைதான் வேலை. பிறகு மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவி, சீயக்காய் தேய்த்து, அவசரமாகச் சாப்பிட்டுவிடுவாள். என் வீட்டு ரசத்திலும் அந்த நாளில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. வீட்டுக்காரர் மூன்று நாள் சகித்தார், நாலாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஊத்திக்கிறதா, பத்தவைக்கிறதா?" என்று கேட்டார்.

நான் செய்த வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப இல்லை. முதல் வேலை, பொட்டு வைத்தது. நாலு பிஸ்டனையும் அவள் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்துவிட்டு டூட்டிக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை. எனக்கு அதுகளைப் பார்க்க நாலு குட்டிச் சாமி மாதிரி இருந்தது. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்தேன். இன்ஜினுக்குள் மணல் அளவு துகள் போனால்கூடச் சுரண்டிவிடும் என்று அவள் எனக்குப் பத்து தரமாவது சொல்லியிருந்தாள். அவள் வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டு வாய் வரைக்கும் வந்தது, அதையும் வடிகட்டிவிட்டாள்.

"லட்சணமா இருக்கு" என்றாள். நான் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்து, நாலையும் மறுபடி கழுவினாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது, தராசு. நாலு பிஸ்டனும் ஒரே எடை இருந்தால்தான் வேகமாகப் போகும்போது இன்ஜின் உதறாதாம். ஊரில் அவ்வளவு நுணுக்கமான தராசு நகைக்கடையில் இருந்தது. அங்கே போய் இதைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் இல்லை. எங்கள் கடையில் ஜவ்வாதும் பச்சைக்கற்பூரமும் நிறுக்கிற சின்னத் தராசு இருந்தது. அதைக் கொண்டுவந்தேன். தட்டில் பிஸ்டன் உட்காரவில்லை, சேலைக் கிழிசலில் தூளி கட்டித் தொங்கவிட்டோம். ஒரு பக்கம் ஒரு பிஸ்டன், மறுபக்கம் இன்னொன்று, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கனமானதை உள்பக்கம் அரத்தால் சுரண்டிச் சுரண்டி, முள் நடுவில் நிற்கும் வரைக்கும் விடமாட்டாள். சுரண்டிய தூளைக் கூட ஊதமாட்டாள், எறும்பு மேல் விழுமாம். பெருக்கி எடுப்பாள்.

மூன்றாவதுதான் நான் மார்தட்டிக்கொள்ளக்கூடிய வேலை. வால்வு தேய்த்தது. கீழே ரப்பர் வைத்த ஒரு குச்சி. அதை வால்வின் தலையில் ஒட்டி, பசை தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுழற்ற வேண்டும். மோர் கடைகிற மாதிரியேதான். அதில் மட்டும் அவளைவிட நான் கெட்டிக்காரி. தேய்த்து முடித்து மேலே மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. "கடைக்காரம்மா, வெண்ணெ எடுத்துட்டே போ!" என்றாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் என் கையைப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ஒருத்தரும் பார்க்கவில்லை.

இன்ஜினின் மேல்மூடியை இழைப்பதற்கு லேத் பட்டறைக்குப் போனோம். மூடி கொஞ்சம் தேய்ந்தால் உள்ளே இடம் கம்மியாகும், நெருக்கத்தில் பெட்ரோல் வெடித்தால் உதை ஜாஸ்தி. பட்டறைக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சாரு வரலீங்களா?"

"எந்த சாரு?" என்றாள் அக்கா.

"இன்ஜினு யாருதுங்க?"

"பாதி என்னுது, பாதி இவங்களுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்குக் கும்பிடு போட்டேன். வேறு என்ன செய்ய?

"இவ்ளோ இழைச்சா நம்ம ஊரு பெட்ரோலுக்குத் தட்டும்மா. உள்ள சுத்தியால அடிக்கிற மாதிரி சத்தம் வரும். பிஸ்டன் ஓட்டையாயிடும்" என்றார்.

"அதுக்கு மருந்து இருக்கு. நீங்க இழைங்க."

பிறகு காற்று போகிற வழியையெல்லாம் எமரித்தாளால் வெண்கலச் செம்பு மாதிரி தேய்த்தாள். சைலன்ஸருக்குள் இருந்த தகடுகளைப் பிடுங்கிவிட்டாள். புகை தடையில்லாமல் போனால் இன்ஜின் நன்றாக மூச்சுவிடுமாம். மூச்சாவது! முதல் நாள் அது கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் ஒன்றாக எழுந்தது. ஊர் ரகசியம் அத்தனையும் வாய்க்குள் வைத்திருந்த பொம்பளை, ஜில்லாவிலேயே சத்தமான காரைக் கட்டி முடித்திருந்தாள்.

பட்டறைக்காரர் சொன்ன மாதிரியே தட்டியது. அவள் சொன்ன மருந்து கற்பூரம். பந்தயக்காரர்கள் மட்டமான பெட்ரோலில் கற்பூரம் கரைத்து ஓட்டுவார்கள் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். நான் வீட்டுக்காரரிடம் போய் அரைப்படி கற்பூரம் கேட்டேன்.

"எந்தக் கோயிலுக்கு?"

"காருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் டெலிபோன்காரம்மாவிடம் மரியாதை உண்டு, ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். அக்கா கற்பூரத்தைப் பெட்ரோலில் கரைத்தாள். பழக்கதோஷம், துணி கட்டி ஒருமுறைக்கு இரண்டுமுறை வடிகட்டினாள். பானட்டைத் தட்டி, "பல்லி, எறும்பு எல்லாம் எறங்குங்கப்பா" என்று சொல்லி, கொஞ்சம் நேரம் கொடுத்து, ஸ்டார்ட் பண்ணினாள். தட்டல் நின்றுவிட்டது.

மலையைச் சுற்றி ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். அன்றைக்குப் பௌர்ணமி என்பது இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. அடி அண்ணாமலை கிட்டே ஜனம் கும்பல் கும்பலாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் மெதுவாக ஊர்ந்தோம். கார் பின்னால் கற்பூர மணம் குபுகுபுவென்று. ஜனங்கள் முதலில் காதைப் பொத்தினார்கள். அப்புறம் மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பார்த்தால், கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்! ஒரு கிழவர் புகையைக் கையால் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே யாரோ மடத்து ஆள் போகிறார் என்று ஒருத்தர் சொல்ல, ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்திருந்ததால் எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு பேர் ஓடிவந்தார்கள். அக்கா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். "கடைக்காரம்மா, கைய ஒசத்து, ஜனங்க எதிர்பாக்குது!" நான் காலடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை. மார்கழி மாசம், சீக்கிரம் பொழுது சாயும். அம்மாவுக்குக் காலையிலேயே ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். மூணு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலிலிருந்து கிளம்பினோம். நான் எதற்குப் போனேன் என்றால், 'பாதி இன்ஜின் உன்னுது, நீ வராம எப்படி' என்றாள். அந்த ரோடில் அந்தக் கார் போன போக்கை எழுதத் தெரியவில்லை. புளியமரம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சுவர் மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸை முந்தினோம். லாரியை முந்தினோம். நான் ஏழு சாமிக்கு வேண்டிக்கொண்டேன். சூரியன் இன்னும் நல்ல உயரத்தில்தான் இருந்தான். அவள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி அம்மாகிட்ட ரெண்டாவது தரம் சோறு போட்டுக்கச் சொல்லணும்" என்றாள்.

சேத்துப்பட்டு தாண்டி, அவள் ஊர் ஏரிக்கரை தூரத்தில் தெரியும்போது, கார் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

அவள் இறங்கி பானட்டைத் திறந்தாள். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற பொடி ஓட்டையுள்ள பித்தளைத் துண்டை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தாள். அடைத்துக்கிடந்தது. வெள்ளையாக, பிசின் மாதிரி.

"ரெண்டு தடவ வடிகட்டினேனே..." என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அந்த வெள்ளையைத் தொட்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கற்பூரத் தட்டில் தினமும் நான் சுரண்டி எடுப்பது அதுதான். நல்ல கற்பூரம் எரிந்தால் ஒன்றும் மிச்சம் இருக்காது. எங்கள் கடைக் கற்பூரம் எரிந்தால் மிச்சம் இருக்கும்.

"மெழுகுங்க அக்கா" என்றேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பெட்ரோலில் கரைந்துபோன மெழுகை எந்தத் துணி பிடிக்கும்? கரைந்ததெல்லாம் துணி வழியாகவே போய், மார்கழிக் குளிரில் அந்தப் பொடி ஓட்டைக்குள் போய் உறைந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. "எனக்குன்னு நல்லதா பாத்துக் குடுத்திருப்பார்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"நல்லது, மட்டம்னு ரெண்டு வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே."

அவள் பித்தளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அந்த டிரங்கால் ஞாபகம் வந்தது. அவர் ரொம்ப நேரம் பேசியது கற்பூரக்காரனோடு! மெழுகு எவ்வளவு சேர்ப்பது என்று பேசியிருக்கிறார். கனெக்ஷன் கொடுத்தவள் இவள். நான் ஒரு வருஷமாக அந்தக் காற்றுக்குப் பொம்பளைக் குரல் வைத்துக் குமைந்திருக்கிறேன்.

"அன்னிக்கே தெரியுமா அக்கா? தெரிஞ்சுமா ஊத்தினீங்க? கேட்டிருக்கலாமே என்கிட்ட?"

"லைன்ல கேட்டத வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது, கடைக்காரம்மா" என்றாள். "எனக்காகக்கூடக் கொண்டாரக் கூடாது. அது ஒரு தடவ வந்துட்டா அப்புறம் நிக்காது."

இப்படியும் ஒரு மனுஷி. அந்த நேரத்தில் எனக்கு மரியாதை வரவில்லை, அழுகைதான் வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவளுக்குள் இன்னும் என்னென்ன கிணறு கிணறாக இருக்கிறதோ என்று.

என் தாலிச் சரட்டில் ஊக்குகள் தொங்கின. ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அதால் குத்தி அடைப்பை எடுத்தாள். கார் சீறிக்கொண்டு கொஞ்ச தூரம் போனது, நின்றது. மறுபடி குத்தினாள். மறுபடி கொஞ்ச தூரம். ஏரிக்கரை வளைவு வரை அப்படியே போய், அதற்குமேல் அசையவில்லை. நடந்து போகலாம் என்றால் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டான்.

அவள் கரைமேல் உட்கார்ந்தாள். "விடு. அம்மா தட்ட எடுத்து உள்ள வெச்சிருப்பாங்க இந்நேரம்" என்றாள். பசையான கையை மடியில் போட்டுக்கொண்டு சூரியனையே பார்த்தாள். எல்லாவற்றையும் முந்திவிட்டு, கடைசியில் இங்கே.

அப்போது கரையின் வளைவில் ஒரு வெள்ளைப் புடவை தெரிந்தது. ஒல்லியாக ஒரு அம்மாள், தலையில் கூடை, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையை வீசி வீசி, கிட்டத்தட்ட ஓட்டமாக வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா!" அக்கா எழுந்துவிட்டாள். "நீங்க எப்படிம்மா...?"

"சத்தம் கேட்டுதுடி! ஊரே கேட்டுது. வந்துக்கினே இருந்துது, வந்துக்கினே இருந்துது, பொசுக்குனு நின்னுபோச்சு. சரி, அது வராது, நாம போவோம்னு தூக்கிக்கினு வந்தேன்." மூச்சு வாங்கக் கூடையை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். "யாரும்மா நீ? யாரா இருந்தா இன்னா, ஒக்காரு. சூரியன் இருக்கசொல்ல கைய நனைங்க."

கரைமேல் மூன்று தையல் இலை. சோறு, பாசிப்பருப்புக் கூட்டு, அவரைக்காய். நான் என்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "பேச்சு இருட்டினப்புறம் பேசலாம், மொதல்ல சாப்புடு" என்று அந்த அம்மாள் அதட்டினாள். நான் என் ஆயுசில் பொழுதோடு சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. சூரியன் ஏரியில் கால் வைக்கிற நேரத்தில் அந்த அம்மாள் தானாகவே கூடைக்குள் கைவிட்டு, தனக்கு இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டாள். அக்கா சூரியனைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்து முடித்தோம், இருட்டியது.

ஊரில் மொபெட் வைத்திருந்த ஒருத்தர் சுத்தமான பெட்ரோல் கொடுத்தார். டாங்கியில் இருந்த கற்பூரப் பெட்ரோலை வடித்துவிட்டு, அதை ஊற்றிக்கொண்டு திரும்பினோம். மெதுவாகத்தான் ஓட்டினாள். கற்பூரம் இல்லாமல் விரட்டினால் தட்டும். அதோடு, லைட் வெளிச்சத்தில் பூச்சிகள் வந்து கண்ணாடியில் மோதுமே. போகும்போது நாங்கள் லாரியை முந்தினதுக்கு, வரும்போது லாரியெல்லாம் எங்களை முந்தியது. அவலூர்பேட்டை தாண்டி ஒரு மாட்டுவண்டியும் முந்தியது. வண்டிக்காரர் இரக்கப்பட்டு, "கட்டி இழுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இத்தினி வருஷமா காட்டறேன், சாமியே ஒரு வார்த்த சொல்லல. உங்க காருக்கு வந்துட்டுதா வாயி?"

ஆனால் மறுநாளே சுத்தக் கற்பூரம் வரவழைத்து, தனி டப்பாவில் போட்டு, குழப்பம் வரக்கூடாது என்று 'கார்' என்று சுண்ணாம்பால் எழுதிவைத்தார். மெழுகுக் கற்பூரம் சாமிக்கு, சுத்தக் கற்பூரம் காருக்கு. விஷயம் எப்படியோ கசிந்தது. அக்கா வாயிலிருந்து இல்லை, என் வாயிலிருந்துதான். கொஞ்ச நாளில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "அதான், கார் கற்பூரம் இருக்குதே, அதுல குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குருக்களே ஆள் அனுப்பினார். கடைசியில் மற்ற டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எங்கள் கடை நேர்மையானது இப்படித்தான்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் இருந்த வரைக்கும், அநேகமாக ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. கார் ஒழுங்காக ஓடியது, சூரியனை முந்தியது. ஆனாலும் சைலன்ஸருக்குத் தகடு போட அக்கா சம்மதிக்கவில்லை. போலீஸ்காரர் ஒருத்தர் நிறுத்தி, இவ்வளவு சத்தம் ஆகாதும்மா என்று சொல்லியும் கேட்கவில்லை.

"சேத்துப்பட்டு தாண்டும்போதே அம்மாவுக்குக் கேட்டுடும். கேட்டதும் ஒலை வெப்பாங்க. நான் போய்க் கால் கழுவறதுக்குள்ள சோறு வெந்திருக்கும்" என்பாள்.

பிறகு அம்மாவும் போனாள். எக்ஸ்சேஞ்சில் மிஷின் வந்தது, யாரும் யாருக்கும் கனெக்ஷன் கொடுக்க வேண்டியதில்லை என்றாகி, அக்காவும் வீட்டுக்காரர் இருக்கும் ஊருக்கே மாற்றலாகிக் காரிலேயே கிளம்பிப் போனாள். தெருக்கோடி திரும்பி, தேரடி தாண்டி, ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் உலை வைக்கவில்லை, ஆனால் வைக்கலாமா என்று தோன்றியது.

என் மகன் மெட்ராஸில் இருக்கிறான். போன மாசம் புதுக் கார் வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டிக்கொண்டு வந்தான். வாசலில் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. என்னை ஏற்றி மலையை ஒரு சுற்றுச் சுற்றினான். கற்பூர வாசனை இல்லை, கும்பிட ஆள் இல்லை, சத்தமும் இல்லை, மிதக்கிற மாதிரி போனது.

"இன்ஜினு எப்படிம்மா இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்குடா" என்றேன். "ஆனா நீ வர்றதே தெரியலியே. நான் எப்ப ஒலை வெக்கிறது?"